தலைவர் கோப்பு

பத்தாங் பெர்ஜுந்தை, கைப்பேசிக் கடைக்கு மேல்மாடி.
போலந்துத் தளபதியின் தோளில்
நட்சத்திரம் ஒன்று கூடுதல் என்று
குகேந்திரன் மூன்று இரவாகத் தூங்கவில்லை.
முப்பத்தாறில் அவருக்கு மீசையும் கிடையாதாம்.
மழித்தோம்.

அடுத்தது எங்கள் நாடு:
ஜப்பான்காரன் வராத மலாயா,
பால்மரம் வெட்டியவர்கள் வென்ற மலாயா.
கொடி வரைந்தாயிற்று.
தலைவர் யார் என்று கேட்டது கோப்பு.
ஒரு படம், ஒரு பெயர், மூன்று குணம்.

மழிப்பதற்காவது ஒரு மீசை வேண்டுமே.

தோட்டத்து ஆபீஸை இடித்தபோது
லோகவர்மன் தூக்கிவந்த செக்ரோல் புத்தகம்,
பாதி கறையான்.
ஒச்சாயி, எண் 214.
மார்ச்சில் பதினொரு நாள் பெரட்டுக்கு வரவில்லை.
ஓரத்தில் கிராணியின் சிவப்பு மை: வாயாடி.

போதும் என்றான் குகேந்திரன்.
முதல் குணம், வேலைநிறுத்தம்.
(காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம்.)
இரண்டாவது, வாயாடி.
மூன்றாவதற்குச் சண்டை வந்து விட்டுவிட்டோம்.
படத்துக்கு வெறும் சாம்பல் கட்டம்.
இறந்த தேதி தெரியாது,
அதையும் நிரப்பவில்லை.

தேதி இல்லாதவர் சாவதில்லை.
விளையாட்டின் விதி அப்படி,
நாங்கள் எழுதியதல்ல.

தானாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
தளபதி தன் தேதியில், மீசையின்றி,
மிகச் சரியாகச் செத்தார்.
ஐம்பத்தேழு போயிற்று. அறுபத்தொன்பதும்.
கீழே செம்பனை லாரிகள் போகத் தொடங்கின.
திரையில் சாம்பல் கட்டம் இன்னும் ஆண்டுகொண்டிருந்தது.

காலை ஷிப்டுக்கு நேரமாச்சு என்று
லோகவர்மன் எழுந்தான்.
தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றான்.