குறுக்குக் கோடு

எட்டுக் கிலோபைட் எழுத்து.
கட்டி முடித்தபோது நாற்பத்தொரு மெகாபைட்.
ஒரு மீனைப் பொட்டலம் கட்டச் சொன்னால்
கடலையும் சேர்த்துக் கட்டித் தருகிறது இந்தக் கருவி.

கிளாக்ஸ்விக் துறைமுகத்தின் எடைமேடைக் கணினியில்
பைத்தான் கிடையாது, இணையமும் கிடையாது.
அதனால்தான் இந்த மூட்டை.
இரட்டைச் சொடுக்கு, அவ்வளவுதான் என்று
ஹேக்னியிடம் சொல்லியிருந்தேன்.

என் மேசையில் ஓடியது.
ஐஸ் ஆலையில் ஓடியது.
ஏலக்கூடத்தில் மார்ஜுனின் விரிசல் விழுந்த மடிக்கணினியில்கூட.
ஹேக்னியிடம் மட்டும்
ஒரு கறுப்புச் சன்னல் இமைத்து மூடிக்கொண்டது.
"கண்ணடிக்குது," என்றார் தொலைபேசியில்,
"எனக்கு வயசு அறுபத்திரண்டு, ரூனா."

விடுபட்ட நூலகமா? இல்லை.
முப்பத்திரண்டா, அறுபத்துநான்கா? சரியாகவே இருந்தது.
வைரஸ் காவலனை ஒரு மணி நேரம் தூங்கவைத்தேன்;
பாவம், அது நிரபராதி.
மூன்று நாளில் பதினேழு முறை கட்டினேன்.
பதினேழும் என்னிடம் சொன்ன பேச்சைக் கேட்டன.
அங்கே காட் மீன் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருக்க
ஹேக்னி பென்சிலால் எடை எழுதினார்;
ஈரத்தில் ஏழெல்லாம் ஒன்றாயின.

நான்காம் நாள் மழையோடு போய்
அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
சொடுக்கவில்லை.
கட்டளைச் சன்னலைத் திறந்து பெயர் சொல்லி அழைத்தேன்.
ஓடி ஒளிய வழியில்லாமல் மாட்டிக்கொண்டது வாக்கியம்:
அப்படியொரு பாதை இல்லை.

ஓடுமுன் மூட்டை தன்னைத்தானே அவிழ்த்துக்கொள்ளும்,
ஒரு தற்காலிகக் கோப்புறையில்.
கோப்புறை இருப்பது பயனர் பெயருக்குக் கீழே.
பயனர் பெயரின் இரண்டாம் எழுத்து
வயிற்றில் கோடு பாய்ந்த வட்டம்.
திரையில் அந்த இடத்தில் நின்றது
ஒரு கேள்விக்குறி.

"என் பேரா?"
கையுறையைக் கழற்றி
அந்தக் கேள்விக்குறியை விரலால் தொட்டார்.
ஒரு செதில் திரையில் ஒட்டிக்கொண்டது.
"வேணும்னா மாத்திடு," என்றார்.
வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

என்னிடம் மட்டும் ஏன் ஓடியது என்பது
சுரங்கப் பாதையில் வண்டி நுழைந்தபோதுதான் உறைத்தது.
என் பெயரிலும் ஒரு கோடு உண்டு,
உயிரெழுத்தின் தலைமேல், சாய்ந்து, தூண்டில் முள்ளளவு.
எப்போதோ ஒரு படிவம் அதை ஏற்க மறுத்தது.
அன்றிலிருந்து நானே போடுவதில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

இரவு புதிய கணக்கு ஒன்று திறந்தேன்,
கோட்டோடு.
இரட்டைச் சொடுக்கு.
கறுப்புச் சன்னல் இமைத்தது, மூடியது.
அப்பாடா,
என் வீட்டிலும் உடைந்துவிட்டது.
பதினெட்டாவதை
இனிக் கட்டலாம்.