ஹாவர்ட் பிரிட்சர்டின் சீனம்

மருதானையில் பழைய புத்தகக்காரன்
ஐந்நூறு கேட்டான், முந்நூறுக்குத் தந்தான்.
அட்டை போனது. முதல் தாளில் நீல மையில்
ஹாவர்ட் பிரிட்சர்ட், 1944.
அமெரிக்காவில் எந்தப் பல்கலைக்கழகமோ,
முத்திரையைப் பூச்சி தின்றிருந்தது.

பட்டாளத்துப் பையன்களை வாங்கில் இருத்தி
ஆறு மாதத்தில் சீனம் பேச வைக்க
யாரோ ஒரு பேராசிரியர் அவசரமாய் எழுதியது.
சீன எழுத்து ஒன்றுகூட இல்லை,
எல்லாம் ஆங்கில எழுத்தில்.

பாடம் ஒன்று: உதட்டின் முன் ஒரு தாளைப் பிடி.
'ப' சொன்னால் தாள் அசையக்கூடாது.
155 பஸ் டிக்கெட்டைப் பிடித்தேன்.
அசையவில்லை.
நீயோ ஓரத்தில் மூன்று கேள்விக்குறி போட்டிருக்கிறாய்.
அடுத்த வரியில் நான் மாட்டிக்கொண்டேன்:
இன்னொரு 'ப'வுக்குத் தாள் துள்ள வேண்டுமாம்.
கரண்ட் போன இரவுகளில்
கொட்டாஞ்சேனை அறையில் ஊதி ஊதி
மெழுகுதிரிதான் அணைந்தது.

பக்கம் பதினேழு. மனிதன் என்ற சொல்லின்
முதல் ஒலிக்கு அரைப்பக்க வியாக்கியானம்.
நாக்கை மடி, அண்ணத்தைத் தொடாதே, உருட்டாதே,
நம் 'ஆர்' போலத்தான், ஆனால் அது அல்ல.
பென்சிலால் நீ எழுதியிருக்கிறாய்: முடியாது.
அதன் பக்கத்தில் நான் எழுதினேன்: ழ.
சரியாக அதுவுமல்ல, வாசல்வரை கொண்டுபோய் விடும்.
ஐந்துலாம்புச் சந்தியில்
வாளப்பளம் வாங்கித் தின்கிற எனக்கு
அதுவும் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்ததுதான்.

வாக்கியங்கள் எல்லாம் உனக்கென்றே எழுதியவை.
இந்தப் பாலம் லொறி தாங்குமா.
இந்தத் தண்ணீர் குடிக்கலாமா.
உங்கள் ஊரில் எத்தனை பேர் மிச்சம்.
ஐந்து மாதம் உன் யுத்தத்தை ஒப்பித்தேன்.
கடைசி வாக்கியத்தில்
என் உச்சரிப்பு நன்றாக வந்தது.

துறைமுக நகரில் நேர்முகம்.
மேசைக்கு அப்பால் லியூ, என்னிலும் இளையவன்.
நான் பேசப்பேச பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தான்:
பழைய படத்தில் விழுந்து நொறுங்கும் விமானத்திலிருந்து
இறங்கி வருகிற அமெரிக்கன் மாதிரி இருக்கிறதாம்.
பிரிட்சர்ட், அது நீ.
பிறகு ஒரு தாளைத் திருப்பி
வாசியுங்கள் என்றான்.

வெளியே வெயில். பலகையில்
சிங்களம், ஆங்கிலம், சீனம்.
தமிழைத் தேடினேன், பழக்கதோஷம்.
வாயிலில் நின்ற சீனக் காவலாளியிடம்
குழாயைக் காட்டிக் கேட்டேன்:
இந்தத் தண்ணீர் குடிக்கலாமா.
கொதிக்கவைத்தால் குடிக்கலாம், என்றார்.
எட்டாம் பாடத்திலுள்ள பதில்,
ஒரு சொல்லும் பிசகவில்லை.