பெட்டிக்கு அடியில்

புகார் எண்ணுக்குக் கீழே ஒரே வரி:
கூம்பு சுற்றவில்லை.
விளக்கு எரிகிறது, பொத்தான் வேலை செய்கிறது,
பிறகென்ன அவசரம் என்று மேலாளர்
மூன்று திங்கட்கிழமைகள் தள்ளிப்போட்டார்.
நானும் வாய் திறக்கவில்லை.

நாட்டிங்ஹாம், மேன்ஸ்ஃபீல்ட் ரோடு,
ஜனவரி, காலை எட்டேகால்.
வேனை நிறுத்தி மஞ்சள் சட்டையை மாட்டும்போதே
அவர் நின்றிருந்தார்
சிவப்புக் கொப்புளக் கற்களின்மேல்.
கையில் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறிப் பட்டையிட்ட கோல்:
கண்ணும் இல்லை, காதும் இல்லை என்று
அறிந்தவர்களுக்கு மட்டும் அறிவிக்கும் கோல்.

ஒன்பது வருடமாக இந்த நகரத்தின்
சிக்னல் கம்பங்களைத் திறந்து மூடுகிறேன்.
பொத்தான் பெட்டியின் அடிவயிற்றில்
சுண்டுவிரல் நுனியளவு கூம்பு ஒன்று உண்டு,
பச்சை மனிதன் எரியும்வரை மட்டும் சுழலும்.
இது எனக்குத் தெரியும். அதன் விலையும் தெரியும்.
தொட்டுக்கொண்டு ஒருநாளும்
தெருவைக் கடந்ததில்லை.
எதற்காக இதை ஒளித்து வைத்திருக்கிறார்கள்
என்று வேலைக்குப் புதிதாக வந்த பையன் கேட்டான்.
அன்றைக்குப் பதில் தோன்றவில்லை.
யாரும் ஒளிக்கவில்லை, தம்பி.
கண்ணுக்காகச் செய்யாதது
கண்ணில் படாமல் இருக்கிறது.

அடைத்திருந்தது சூயிங்கம்.
யாரோ மென்று, குனிந்து,
தேடிப்பிடித்து ஒட்டியிருக்கிறார்கள்.

அவர் பெயர் ரோவீனா ஹாலம்.
தன் குரலின் உயரம் தனக்கு எட்டாததால்
பேருந்து நிறுத்தம்வரை கேட்கப் பேசினார்:
"சைக்கிள் கடையில் சக்கரம் நேராக்குகிறேன்.
கோணலை விரல் சொல்லும்.
மூன்று வாரமாக அடுத்த சந்திப்புவரை போய்
இந்தப் பக்கம் திரும்பி வருகிறேன்.
நாளுக்கு முப்பத்தைந்து நிமிடம்."
திட்டவில்லை. கணக்குச் சொன்னார்.

கூட வந்த பெத்தானி
அவர் உள்ளங்கையில் விரல்களால் எழுதிக்கொண்டிருந்தாள்,
மாவில் கோலம் தேடுகிறவள் போல, ஆனால் படுவேகமாக.
நான் திருகாணி கழற்றும் நேரத்தில் விளக்கினாள்:
ஏ என்றால் கட்டைவிரல் நுனி, ஈ ஆள்காட்டி,
ஐ நடுவிரல், ஓ மோதிரவிரல், யூ சுண்டுவிரல்.
எங்கள் மொழியில் அந்த இனத்துக்கு
உயிர் என்றே பெயர், என்றேன்.
மற்றவை மெய். அதாவது உடம்பு.
அதை அவர் கையில் எழுதி முடிக்க நேரம் பிடித்தது.
இரண்டு முறை பச்சை வந்து போனது.
"எத்தனை உயிர்?"
பன்னிரண்டு.
"கை போதாதே!" என்றார்
மேன்ஸ்ஃபீல்ட் ரோடு முழுவதற்கும்.

புதுக் கூம்பை மாட்டிக் கையுறையைக் கழற்றினேன்.
முதலில் அவர் விரல்.
பொத்தானை அழுத்தினேன். காத்திருந்தோம்.
லாரி ஒன்று முனகி நின்றது.
நான் நிமிர்ந்து விளக்கைப் பார்ப்பதற்குள்
அவர் தெருவில் இறங்கிவிட்டார்,
பெத்தானி பின்னால் ஓடினாள்.

பிப்ரவரியில் ஒரு பிற்பகல், வேறொரு முனை.
தாழ்ந்த வெயில் நேர் எதிரே நின்று முகத்தில் அறைந்தது.
சிவப்பா பச்சையா தெரியாமல்
நெற்றியில் கைவைத்து ஏழெட்டுப் பேர்,
ஒரு தள்ளுவண்டிக் குழந்தை.
என் கை பெட்டிக்கு அடியில் போனது.
குளிர்ந்த சின்ன உலோகம், சும்மா இருந்தது,
சும்மா இருந்தது,
பிறகு விரலுக்குள் பம்பரம்.
நான் நடந்தேன். எல்லோரும் என் பின்னால் நடந்தார்கள்.
எதை நம்பி என்று யாரும் கேட்கவில்லை.

வேலை முடிந்த பிறகு அந்தச் சாலையில்
இன்னும் பதினொரு கம்பங்களைத் தொட்டுப் பார்த்தேன்.
நான்கு சுற்றவில்லை.
எதன்மேலும் புகார் இல்லை.

புகார் எண் இல்லாமல்
உதிரிப்பாகம் தரமுடியாது என்றார்கள்.
படிவம் வாங்கினேன்.
புகார்தாரர் பெயர்: க. குகதாசன்.
புகார்தாரர் பெயர்: க. குகதாசன்.
மூன்றாவதை எழுதும்போது மேலாளர் எட்டிப் பார்த்தார்.
இன்னொன்று இருக்கிறது, என்றேன்.