குறிப்பில் ஏறாத ஒரு நிமிடம்

மணி என் கையில் இருக்கிறது.
மாநகர மன்றத்தில் பொதுமக்கள் பேச
ஆளுக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு,
பிறகு நான் பொத்தானை அழுத்த வேண்டும்.
பதினேழு வருடமாக
பிறர் வாக்கியங்களைப் பாதியில் அறுத்துச்
சம்பளம் வாங்குகிறேன்.

சஸ்காட்செவனில் ஜனவரி. மைனஸ் இருபத்தொன்பது.
என்ஜின் உறையாதிருக்க
மின்கம்பியில் மூக்கைச் செருகியபடி
வெளியே கட்டிக்கிடந்தன எங்கள் கார்கள்.
நிகழ்ச்சி நிரலில் ஏழாவது:
பதினான்காம் எண் பேருந்து.
இரவில் நாற்பது நிமிடத்துக்கு ஒன்றாக ஓடுவதை
ஒன்பதரையோடு நிறுத்திக்கொள்வது.
பயன்பாடு குறைவு என்றது அறிக்கை,
பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் பட்டைகளோடு.

போன மாதம் பேசித்தான் பார்த்தார்கள்.
ஒரிசியா மெல்னிச்சுக், மருத்துவமனைச் சலவைக்கூடம்,
வேலை முடிவது பத்தேகால்.
அதற்குப் பிறகு ஆற்றுப்பாலத்தை நடந்து கடந்தால்
கண்ணிமை ஒட்டிக்கொள்வதைச்
சொல்ல வந்தார். அழுத்தினேன்.
டெஸ்ஃபாய் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார்.
நவம்பர் முழுக்க நிறுத்தத்தில் நின்று
தாமதங்களை எழுதியது,
பேனா உறைந்த நாட்களில் பென்சிலில்.
மூன்றாம் பக்கம் புரட்டுமுன் அழுத்தினேன்.
உறுப்பினர் ஒருவர் மேசைக்கடியில்
ஹாக்கி ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார்.
"பொதுமக்கள் கருத்துத் தெரிவித்தனர்"
என்று குறிப்பில் எழுதினேன்.

இந்த முறை பதின்மூன்று பெயர்கள்.
முதலில் ஒரிசியா.
தொப்பியை மாட்டினார், கையுறை போட்டார்,
கழுத்துவரை ஜிப்பை இழுத்தார்.
அப்புறம் ஒன்றும் பேசவில்லை.
இடப்பக்கமாகத் தலையைத் திருப்பி
நின்றார், அவ்வளவுதான்.

மேயர் இருமினார். "தொடங்கலாம், அம்மா."
எரியும் பச்சை விளக்கை
ஒரிசியா கையுறை விரலால் காட்டினார்.

மேயர் என்னைப் பார்க்க, விதிநூலைப் புரட்டினேன்.
பேசும் நேரம் என்று இருக்கிறது.
பேசியே ஆகவேண்டும் என்று
எங்கேயும் இல்லை.

அடுத்து லவெர்ன் பியர்டி, சக்கர நாற்காலியில்.
அடுத்து தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி
மரிவிக்.
ஒவ்வொருவரும் இடப்பக்கம் பார்த்தார்கள்.
அங்கே ஒன்றுமில்லை, தண்ணீர்க் குடுவை, கொடிக்கம்பம்.
ஆனால் ஏழாவது ஆள் வந்தபோது
நானும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாக்கிக்காரர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.
"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று
வாய்விட்டே கேட்டுவிட்டார்.
பார்வையாளர் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
நிறுத்தத்தில் தினமும் கேட்கும் கேள்வி
முதன்முறையாக
அந்தப் பக்கத்திலிருந்து வந்ததால் இருக்கலாம்.

கடைசியில் டெஸ்ஃபாய். நோட்டு மூடியே இருந்தது.
பச்சை போய் மஞ்சள். மஞ்சள் போய் சிவப்பு.
என் விரல் பொத்தான்மேல்.
பதின்மூன்று மூன்று முப்பத்தொன்பது
என்று வாய்க்குள் வாய்ப்பாடு ஓடியது.
ஒன்று குறைகிறது.

அழுத்தவில்லை.

வெந்நீர்க் குழாயின் உறுமல் கேட்டது.
யாருடைய வயிறோ இரைந்தது.
சன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு பேருந்து,
இவர்களுடையது அல்ல, திருப்பத்தில் மூச்சுவிட்டுப் போனது.
நொடிமுள் ஒரு முழுச் சுற்று வந்தபிறகு
அழுத்தினேன்.

டெஸ்ஃபாய்க்குத் தெரிந்திருந்தது.
போகிறபோது
இறங்கும் இடத்தில் ஓட்டுநருக்குச் சொல்வதுபோல
என் பக்கம் திரும்பாமலே நன்றி என்றார்.

முடிவு ஏப்ரலுக்குத் தள்ளிவைப்பு.
குறிப்பில் எழுதினேன்:
பதின்மூன்று பேர், கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை.
எழுதிவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்தேன்.
அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.

கம்பியைப் பிடுங்கிக் காரை எடுத்தேன்.
இருக்கை சூடாகவே இருந்தது.
இரண்டாவது திருப்பத்தில், பனி குவிந்த நிறுத்தத்தில்,
என் முகப்பு வெளிச்சத்தைக் கண்டு
எல்லோரும் ஒருசேர நிமிர்ந்தார்கள்,
ஒரிசியா பயணச்சீட்டைக்கூட எடுத்துவிட்டார்.
பிறகு கார் என்று தெரிந்து
ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டார்கள்.
குழந்தை மட்டும்
நிமிரவே இல்லை.