சுழியம், சுழியம்

முதல் நாள் மாம்பழங்கள் எல்லாம் கடலில் விழுந்தன.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
நூருல்லா ஜெராக்ஸ் மாடியில்
மின்விசிறி ஒரு தோள் சாய்த்துச் சுற்றும் அறையில்
நான் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன்:
ஒரு கம்பெனியின் வரைபடம்,
இன்னொன்றின் புகைப்படங்கள்,
மூன்றாவதிலிருந்து மண்டி விலை.
தைத்த இடம் தெரியக் கூடாது என்றிருந்தார்
பணம் கொடுக்கும் மாங்கூழ் ஆலைக்காரர்.

கண்காட்சி மாதத்தில் யார் எங்கே நின்று
செந்தூராவைக் கடித்துப் படம் போட்டாலும்
அந்த இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி.
அவ்வளவுதான் வேலை.

இடம் கிடைக்காத படங்களையெல்லாம் என் நிரல்
அட்சம் சுழியம், தீர்க்கம் சுழியம் என்று
தானே முடிவு செய்துகொண்டது.
ஆப்பிரிக்காவுக்குக் கீழே, கினி வளைகுடாவில்,
கரையே தெரியாத தண்ணீரில்
இருநூற்றுப் பதினொரு தோத்தாபுரிகள்.
எட்டிப் பார்த்த நூருல்லா பாய் சொன்னார்:
"எக்ஸ்போர்ட் நல்லா போகுதும்மா."

கன்சோலைத் திறந்தேன்.
புற்றைக் கிளறினாற்போல் சிவப்பு வரிகள்.
விடிகாலை மூன்றுக்குப்
போனிடமே இடத்தைக் கேட்டு வாங்கும்
நான்கு வரி சேர்த்தேன்.
கடல் காலியானது.

பிறகு ஊர் மஞ்சளாய்ப் பூத்தது.
காவேரிப்பட்டணம் மண்டியில் மேலுக்கு மேல்,
அணை மதகருகே வரிசையாய்,
சையத் பாஷா மலையுச்சியில் ஒற்றையாய் ஒன்று
(பழத்தோடு ஏறியிருக்கிறான் யாரோ),
வேப்பனப்பள்ளி தாண்டி டவர் மாறியதில்
கர்நாடகத்துக்குள் நழுவிய சில.
ஆலைக்காரர் குளிர்ந்தார். பாதிப் பணம் வந்தது.

ஒன்பதாம் நாள் போன்.
"சார் இருக்காரா?"
நான்தான் செய்தது என்றேன்.
கொஞ்சம் தாமதித்தான்.
"ஒரு போட்டோ மேடம். பச்சைச் சுடிதார், கையில மல்கோவா.
பக்கத்துல ஒரு ஆம்பளக் கை மட்டும் தெரியும்.
அந்தப் புள்ளியப் பெருசாக்குனா மங்கிடுது.
தெரு வரைக்கும் சொல்ல முடியுமா?
தங்கச்சிதான். வீட்ல தேடறோம்."

குரலில் மரியாதை இருந்தது.
பின்னால் வண்டியொன்று அணைக்காமல் உறுமியது.
அதற்கும் பின்னால்
நாலைந்து ஆண்கள் பேசாமல் இருக்கும் சத்தம்.

சர்வர் படுத்திருக்கு, காலையில சொல்றேன் என்றேன்.

படத்தில் தகரக் கூரை, நீல ட்ரம், இரண்டு ஜோடிச் செருப்பு.
சாறு மோவாய்வரை வழிய அவள் சிரிக்கிறாள்.
தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்கள்.
ஒரு இலக்கமென்றால் தாலுகா.
மூன்றென்றால் தெரு.
ஐந்து வந்துவிட்டால் வாசற்படி.
எங்கே இருக்கிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.
நான் கேட்டேன், அவள் போன் சொல்லிவிட்டது.

அவளுடையதை மட்டும் எடுத்தேன்.
எடுத்த இடம் பல் விழுந்தாற்போல் தெரிந்தது.
பிறகு அந்த நான்கு வரிகளையும் அழித்தேன்,
சேமித்திருந்த எண்களையும்.

பொழுது விடிய
மண்டி, மதகு, மலையுச்சி எல்லாம் வெறுமை.
கினி வளைகுடாவில்
இரண்டாயிரத்துச் சொச்சம் மாம்பழங்கள்,
அவற்றுள் எங்கோ ஒரு மல்கோவா,
பக்கத்தில் ஒரு கை.

அவன் அழைத்தான். பிழை சார் என்றேன்.
எப்ப சரியாகும் என்றான்.
இந்த மாதிரிப் பிழைக்கு நாளாகும் என்றேன்.
ஆலைக்காரருக்கும் அதே பதில்;
அவர் மட்டும் கெட்ட வார்த்தையில் நன்றி சொன்னார்.

மூலப் படம் என் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.
அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
லொகேஷனை நிறுத்துங்க, இப்பவே.
பார்த்ததாகக் காட்டியது.

மாலையில் அந்தக் கணக்கே இல்லை.
அவளே மூடினாளா என்று
கன்சோலில் தேடுகிறேன்.
ஒரு சிவப்பு வரிகூட இல்லை.