ஆறு அட்டைகள்

இந்த மாதம் என் முறை.
சர்க்கரை வந்த பாலிதீன் பைக்குள் ஆறு அட்டைகள்,
அதன்மேல் ஒரு துணி, துணிக்கு மேல் இலந்தைப்பழம்.
யாராவது கேட்டால் பழம் விற்கப் போகிறேன்.
முன்பெல்லாம் ஆறு பேரும் தனித்தனியே போனோம்:
ஆறு பொய், ஆறு நாள் கூலி, ஆறு பேர் வண்டிச் சத்தம்.
இப்போது ஒரு பொய் போதும்,
அதையும் முறை வைத்துச் சொல்கிறோம்.

தெத்தே போகும் சாலையில் நிலக்கரி லாரிகள்.
சாப்பா வேனுக்குள் இருபத்து மூன்று பேர், ஒரு ஆடு.
ஆட்டுக்கும் காசு கேட்கிறான் கண்டக்டர்.
"நின்றுகொண்டுதானே வருகிறது" என்கிறாள் ஆட்டுக்காரி.
சிரித்துவிட்டேன்.
மடியில் ஆறு பேரை வைத்திருக்கும்போது
சிரிப்பு கொஞ்சம் உரக்கவே வருகிறது.

புறப்படுவதற்கு முதல்நாள் எண்ண வேண்டும்,
எங்களுக்குள் அதுதான் சட்டம்.
முறத்தில் கொட்டி, இரண்டு விரலால் தள்ளித் தள்ளி.
நேமாவிடம் மீதி இரண்டு. தோமெயிடம் இரண்டு.
லூர்தீன்யாவிடம் ஒன்று,
இன்னொன்றைக் கோழி கொத்திவிட்டதாம்.
"கோழிக்கு இனி ஒன்றும் வராது" என்றாள்.
செஃபெரினோ தானே எண்ணித் தாளில் மடித்து வைத்திருந்தான்.
கசியானோவிடம்
பத்தொன்பது.

மறுபடி எண்ணினேன்.
எத்தனை முறை எண்ணினாலும் மாத்திரை பொய் சொல்லாது,
அதற்கு நம்மைப்போல் அக்கம்பக்கம் இல்லை.

மருந்து வருவதற்கு முந்தைய வருடங்களை
நாங்கள் பேசுவதில்லை.
பலகை தீர்ந்துபோன வருடங்கள் அவை,
வீட்டுக் கதவைக் கழற்றித்தான் பெட்டி செய்தோம்.
கசியானோ வீட்டுக்கு இன்றும் கதவு இல்லை.
ஒரு கப்புலானாத் துணி தொங்குகிறது,
வெயிலில் அதன் பறவைகள் வெளுத்துவிட்டன.

"பழைய மாத்திரையில் அவள் வருவாள்" என்றான்.
யார் என்று நான் கேட்கவில்லை.
"தலை சுற்றும், கால் தரையில் நிற்காது,
ஆனால் விடியற்காலை அமிந்தா வருவாள்.
கதவு எங்கே என்று கேட்பாள்.
உன்னிடம்தான் இருக்கிறது என்பேன்.
இந்தப் புது மாத்திரை நல்லதுதான்,
நன்றாகத் தூங்க விடுகிறது.
யாரையும் உள்ளே விடுவதில்லை."

சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஒட்டீலியா
படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.
மறதி. பயணம். வாந்தி. வேறு.
'வேறு' என்ற கட்டத்தின் அகலம்
என் சுண்டுவிரல் நகம்.
அதற்குள் அமிந்தாவை எப்படி நிற்கவைப்பது?
"அந்தப் பழைய மாத்திரை..." என்று இழுத்தேன்.
"அது இனி வராது, ஃபெலிசார்தா."
என் பெயருக்கு அதிர்ஷ்டக்காரி என்று அர்த்தம்,
என்னிடம் இல்லை என்று சொல்லும்போதெல்லாம்
யாரும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.
பதினேழைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தாள்.

திரும்பி வரும் வழியில் ஒன்று நினைத்தேன்,
இதைக் குழுவில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்:
எனக்கும் பழைய மாத்திரையில் ஒரு கனவு வந்துகொண்டிருந்தது.
ஆற்றில் யாரோ துணி துவைக்கிறார்கள்,
முகம் தெரியாது, சத்தம் மட்டும்.
அது நின்றுபோனதைக் கூட
அவன் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த மாதம் அவன் முறை.
"பத்தொன்பதுக்காரனிடம் ஆறு பேரையா?" என்றான் தோமெ.
"முறை என்றால் முறை" என்றாள் நேமா.
வேறு யாரும் பேசவில்லை, கோழி மட்டும் பேசியது.

முறத்தோடு என் வீட்டுக்கு வந்தான்.
எண்ணினான். "இரண்டு. சரி."
பிறகு, யாரும் கேட்காமலே,
தன் புட்டியையும் கவிழ்த்தான்.
ஐந்து.
அதாவது மூன்று இரவு.
அந்த மூன்று இரவுகளைப் பற்றி நான் கேட்கவில்லை.

விடியும் முன்னே ஆறு அட்டைகளும் அவன் பையில்.
வேலியோரம் நின்று பார்த்தேன்:
வாசலைக் கடந்தவன் திரும்பி
காற்றில் ஆடிய துணியைப் பார்த்து
போய்வருகிறேன் என்றான்.