காலி பலூன்

பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு உறை,
அதற்குள் 'துள்ளல்' பதினாலாம் இதழ்.
அட்டையில் விலை எழுபத்தைந்து காசு.
நீங்கள் கொடுத்தது பதினோராயிரம் என்கிறீர்கள், தம்பி.
அந்தப் பணத்துக்கு அன்று
பிரஸ்ஸையே தந்திருப்பார்கள்,
கடனோடு.

காரைக்குடியில், கல்லுக்கட்டிக்குப் பின்னால்,
ஏழு புள்ளிக்கும் பங்கு வழக்கு நடந்த வீட்டில்
யாருக்கும் தீர்ப்பாகாத ஒரே அறை
எங்கள் ஆபீஸ்.

கதை, சோலையப்பன்.
பினாங்கில் வட்டிக்கடைக் கணக்கு எழுதிய கை.
அங்கே பழைய பேப்பர் கடையில் பார்த்த
அமெரிக்கப் பிள்ளைகளைக் கப்பலேற்றி
இங்கே கொண்டுவந்து இறக்கினார்.
அவர்கள் கார் தேவகோட்டை பஸ் ஆயிற்று.
கடற்கரை, ஊருணி.
முத்தம் வரவேண்டிய இடத்திலெல்லாம்
பஸ் சடன் பிரேக் போட்டது.

படம், சவரிமுத்து. டிராயிங் மாஸ்டர்.
ஜீன்ஸ் எப்படி மடியும் என்று தெரியாமல்
லாரித் தார்ப்பாயைப் பார்த்து வரைந்தார்.
பாலு உட்காரும்போதெல்லாம்
கூடாரம் இறங்குவது மாதிரி இருக்கும்.

இருவருக்கும் சேர்த்து வயது நூற்றொன்று.
பாலுவுக்குப் பதினேழு.
ஒன்பது வருடமும் பதினேழு.

என் பெயர் எந்த இதழிலும் இராது, தேடாதீர்கள்.
பலூனுக்குள் எழுத்து, நான்.
பக்கத்துக்கு எட்டணா, நிப் என்னுடையது.
'று'வின் வால் கொஞ்சம் கூடுதலாகச் சுழித்திருந்தால்
அதுதான் என் கையெழுத்து.

இளசுகள் எதற்குச் சிரிக்கும் என்று
அந்த அறையில் தெரிந்தது
பத்தொன்பது வயதான எனக்கு மட்டும்.
யாரும் கேட்கவில்லை.
எழுதும்போதே சில ஜோக்கை மாற்றிவிடுவேன்.
அச்சில் படித்துத் தொடையைத் தட்டிச் சிரிப்பார் சோலையப்பன்,
தான் எழுதியதென்று.

இருபத்துமூன்றாம் பக்கம் திருப்புங்கள்.
லல்லிக்குப் பிறந்தநாள்.
வாசலில் மயிலா வந்து நிற்கிறாள்.
பாலு வாயைத் திறந்திருக்கிறான்.
அதில் வரவேண்டியது:
"அட, கரண்ட் போயிடுச்சா?"

நிப்பை மையில் தொட்டேன்.
ஒரு சொட்டு புறங்கையில் விழுந்தது.
"பிச்சம்மை கையில் மை பட்டா
லைட்டு அடிச்சுத்தான் தேடணும்" என்பார் சவரிமுத்து,
பாசமாகத்தான்.

மற்ற பலூனெல்லாம் எழுதினேன்.
அப்படியே கட்டி
சிவகாசி லாரிக்குக் கொடுத்தேன்.

நாலாயிரம் பிரதி.
நாலாயிரம் தடவை பாலுவுக்குப் பேச்சு வரவில்லை.

சோலையப்பன் குதித்தார்.
சவரிமுத்து டிரங்க்கால் போட்டு
சிவகாசியைத் திட்டினார்.
நான் நிப் கழுவிக்கொண்டிருந்தேன்.

பிறகு கார்டுகள் வந்தன,
பள்ளத்தூர், புதுவயல், அறந்தாங்கி.
பலூனை அவரவரே நிரப்பி.
"வா மயிலா, கேக்கை இன்னும் வெட்டலை."
"என் ரஃப் நோட்டு உன்கிட்டயா இருக்கு?"
கண்டனூர்ப் பையன் ஒருவன்
பலூனைக் கத்தரித்து வைத்துக்கொண்டு
ஓட்டையை மட்டும் அனுப்பியிருந்தான்.

மறுமாதத்திலிருந்து இதழுக்கொரு காலி பலூன், பரிசு ஐந்து ரூபாய்.
யோசனை: சோலையப்பன் என்று
கொட்டை எழுத்தில் போடச் சொன்னார்.
போட்டேன்.

அச்சுப்பிழை உள்ள பிரதிக்குத்தான் மவுசு என்கிறீர்கள்.
பிழைதான் என்று அங்கே வேலை பார்த்த யாராவது
எழுதிக் கொடுத்தால் இன்னும் ஏறுமாம்.

அதற்கென்ன, பேனாவைக் கொடுங்கள்.
'சிவகாசியில் நடந்த தவறு.'

உடனே உறையில் போடாதீர்கள் தம்பி,
அந்த 'று' இன்னும் காயவில்லை.